ஒளிந்தாடும் திகில் புதிர் ஆட்டங்கள்: வரலாறும் ஆடும் உத்திகளும்

ஒளிந்தாடும் திகில் புதிர் ஆட்டங்கள் என்பவை நிகழ்பட ஆட்டங்களில் (வீடியோ கேம்களில்) ஒரு வகை. இவற்றில் ஆட்டக்காரர் தன்னைவிடப் பலமடங்கு வலிமையான ஓர் எதிரியின் கண்ணிலும் காதிலும் படாமல் நகர வேண்டும். சாவி, குறியெண், கருவி போன்றவற்றைத் தேடிப் புதிர்களையும் அவிழ்த்து, அந்த இடத்திலிருந்து தப்ப வேண்டும். பெரும்பாலான ஆட்டங்களில் ஆயுதம் கிடையாது. சிலவற்றில் இருந்தாலும் அதனால் எதிரியைக் கொல்ல முடியாது. கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளிந்திருக்கும் குழந்தைக்கு உண்டாகும் படபடப்புதான் இவ்வகை ஆட்டங்களின் அடிப்படை.

இன்று கைப்பேசியில் 'கிரானி' ஆடும் மாணவருக்கும் கணினியில் 'ஏலியன்: ஐசொலேஷன்' ஆடுபவருக்கும் ஒரே வகை உத்திகள் பயன்படுகின்றன. மெதுவாக நடப்பது, ஒலியைக் கவனிப்பது, எதிரியின் வழக்கத்தைக் கற்பது, ஒளியிடத்தைக் கடைசித் துணையாக வைத்துக்கொள்வது ஆகியவை அவை. இந்த உத்திகள் தற்செயலாக உருவானவை அல்ல. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆட்ட உருவாக்குநர்கள் எடுத்த முடிவுகளின் விளைவே இவை.

தொடக்கம்: துரத்தலும் பதுங்கலும்

துரத்தும் எதிரியிடமிருந்து தப்பும் ஆட்டங்களில் உலகப் புகழ் பெற்றது 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட 'பேக்-மேன்'. அது திகில் ஆட்டம் அல்ல. ஆனால் அதை வடிவமைத்த தோரு இவாதானி, நான்கு பேய்களுக்கும் நான்கு விதமான நடத்தையைக் கொடுத்தார். ஒன்று நேராகத் துரத்தும்; இன்னொன்று பேக்-மேன் செல்லும் திசையில் சற்று முன்னால் உள்ள இடத்தைக் குறிவைக்கும். பேய்கள் இடைவிடாமல் துரத்துவதும் இல்லை. அவ்வப்போது விலகிச் சென்று ஆட்டக்காரருக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். எதிரிக்கு ஒரு குணம் உண்டு, அதைக் கற்றுக்கொண்டால் பிழைக்கலாம் என்ற எண்ணமும், துரத்தலுக்கு இடையில் ஓய்வு வேண்டும் என்ற எண்ணமும் பிற்காலத் திகில் ஆட்டங்களில் வேறு வடிவில் திரும்பி வந்தன.

இங்கிலாந்தில் சின்க்ளேர் இசட்எக்ஸ்81 என்ற மலிவான வீட்டுக் கணினிக்காக மால்கம் எவன்ஸ் எழுதிய '3டி மான்ஸ்டர் மேஸ்' 1982இல் வெளிவந்தது. அந்தக் கணினிக்கு வண்ணமும் இல்லை, ஒலியும் இல்லை. ஆட்டத்துக்குத் தேவைப்பட்ட நினைவகம் 16 கிலோபைட்டுதான். ஆட்டக்காரர் ஒரு புதிர்ப்பாதைக்குள் முதல் நபர் பார்வையில் நடந்து வெளிவாசலைத் தேட வேண்டும். உள்ளே ஒரு டைனோசர் உலவுகிறது. அதை எதிர்க்க எந்த வழியும் இல்லை. ஒலி இல்லாத குறையை எவன்ஸ் எழுத்தால் ஈடுசெய்தார். விலங்கு காத்திருக்கிறதா, தேடுகிறதா, நெருங்குகிறதா, பார்த்துவிட்டதா என்பதைத் திரையின் அடியில் வரும் ஒரு வரி சொன்னது. எதிரி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் நிலையை உணர்த்தி அச்சத்தை ஏற்றும் இந்த முறை இன்றுவரை தொடர்கிறது. எழுத்தின் இடத்தை இப்போது காலடி ஓசையும் இசையும் பிடித்துள்ளன.

ஒளிவதையே ஆட்டத்தின் மையமாக்கிய பெருமை 1987இல் ஹிதேயோ கொஜிமா எம்எஸ்எக்ஸ்2 கணினிக்காக உருவாக்கிய 'மெட்டல் கியர்' ஆட்டத்தைச் சேரும். போர் ஆட்டம் ஒன்றை உருவாக்கும் பணி அவரிடம் தரப்பட்டது. ஆனால் ஒரே நேரத்தில் பல எதிரிகளையும் குண்டுகளையும் திரையில் காட்ட அந்தக் கணினியால் இயலவில்லை. எனவே சண்டையிடுவதற்குப் பதிலாகக் காவலர்களின் பார்வையிலிருந்து தப்பிச் செல்லும் ஆட்டமாக அதை மாற்றினார். கருவியின் குறையே ஒரு புதிய வகை ஆட்டத்துக்கு வழிவகுத்தது.

திகில் மாளிகைகள்

1989இல் ஜப்பானில் கேப்காம் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்', பேய் மாளிகைக்குள் சிக்கிய ஐவரின் கதை. ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கருவி இருந்தது. ஒருவர் இறந்தால் திரும்ப வரமாட்டார். எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு இருந்தது. பூட்டிய கதவு, அதற்கான பொருள், சுமக்க இடமின்மை என்ற மூன்றையும் இணைத்த இந்த ஆட்டமே 1996இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' ஆட்டத்துக்கு முன்னோடி. இடையில் 1992இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட 'அலோன் இன் தி டார்க்', முப்பரிமாணக் கதைமாந்தர்களையும் நிலையான கேமரா கோணங்களையும் திகில் மாளிகைக்குள் கொண்டுவந்தது.

இவற்றில் எல்லாம் ஆட்டக்காரர் தாக்கவும் முடியும். அந்த வாய்ப்பை ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிட்டது 1995இல் ஹியூமன் எண்டர்டெயின்மெண்ட் நிறுவனம் சூப்பர் ஃபேமிகாம் கருவிக்கு வெளியிட்ட 'கிளாக் டவர்'. அதன் இயக்குநர் ஹிஃபுமி கோனோ, இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெந்தோவின் 'ஃபெனோமினா' திரைப்படத்தின் தாக்கத்தில் இதை உருவாக்கினார். ஜெனிஃபர் என்ற அனாதைச் சிறுமி ஒரு மாளிகைக்குள் சிக்கிக்கொள்கிறாள். பெரிய கத்தரிக்கோலுடன் ஒருவன் அவளைத் துரத்துகிறான். அவளால் ஓடவும் ஒளியவுமே முடியும். ஓடினால் களைப்பாள், அஞ்சினால் தடுமாறி விழுவாள். திரையின் ஓரத்தில் உள்ள அவளது முகப்படத்தின் பின்னணி நிறம் அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்பதைக் காட்டும். உட்கார்ந்து இளைப்பாறினால் மீண்டும் தெளிவாள்.

'கிளாக் டவர்' இவ்வகையின் அடிப்படை இலக்கணத்தை வகுத்தது எனலாம். கொல்ல முடியாத ஒரே எதிரி, ஒளியிடங்கள், களைப்பு, ஒவ்வொரு முறையும் இடம் மாறும் அறைகளும் பொருள்களும், ஆட்டக்காரரின் செயலுக்கேற்ப மாறும் பல முடிவுகள் ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. ஆயினும் அந்த முதல் ஆட்டம் அப்போது ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை. மேலைநாடுகளில் 'கிளாக் டவர்' என்ற பெயரில் விற்கப்பட்டது உண்மையில் அதன் இரண்டாம் பாகம். ஹியூமன் நிறுவனமும் 2000இல் மூடப்பட்டது. முதல் ஆட்டத்தின் அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு 2024இல்தான் வெளிவந்தது. அதுவரை அதை உலகம் அறிந்தது பெரும்பாலும் ரசிகர்களின் மொழிபெயர்ப்பு வழியாகவே.

ஒலியும் ஒளியும்

1998இல் அமெரிக்காவின் லுக்கிங் கிளாஸ் ஸ்டுடியோஸ் வெளியிட்ட 'தீஃப்: தி டார்க் ப்ராஜெக்ட்', ஒளிந்தாடுவதற்குத் துல்லியமான அளவுகோலைக் கொடுத்தது. திரையின் அடியில் உள்ள ஒரு மணிக்கல், ஆட்டக்காரர் எந்த அளவுக்கு வெளிச்சத்தில் நிற்கிறார் என்பதைக் காட்டும். தரைவிரிப்பிலும் புல்லிலும் நடந்தால் ஓசை குறைவு. உலோகத்திலும் ஓட்டுத் தரையிலும் நடந்தால் ஓசை பலமாகக் கேட்கும். நீர் அம்பு எய்து தீப்பந்தத்தை அணைக்கலாம். காவலர்கள் தமக்குள் பேசிக்கொள்வதிலிருந்து, அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டதா, தேடுவதை விட்டுவிட்டார்களா என்பதை அறியலாம். அந்நிறுவனம் 2000இல் மூடப்பட்டாலும் வெளிச்சம், தரை, பேச்சு என்ற மூன்று அடையாளங்களும் பின்வந்த ஆட்டங்களில் நிலைத்துவிட்டன.

ஆசியாவிலும் இதே காலத்தில் முக்கியமான முயற்சிகள் நடந்தன. தென்கொரியாவின் சொன்னோரி நிறுவனம் 2001இல் வெளியிட்ட 'வைட் டே' ஆட்டத்தில், இரவில் பள்ளிக்குள் அகப்பட்ட மாணவர் ஆயுதமின்றிக் காவலாளிகளிடமிருந்து ஒளிந்தபடி புதிர்களை அவிழ்க்க வேண்டும். 'சைலன்ட் ஹில்' ஆட்டத்தின் இயக்குநர் கெய்ச்சிரோ தொயாமா 2003இல் உருவாக்கிய 'சைரன்', எதிரியின் கண் வழியாகவே பார்க்கும் வசதியைக் கொண்டுவந்தது. வானொலியைத் திருகி அலைவரிசை பிடிப்பதுபோல ஒவ்வோர் எதிரியின் பார்வையையும் பிடித்து, அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எந்த வழியாக நடக்கிறார்கள் என்று அறியலாம். எதிரியின் பார்வையில் தன்னையே காண நேரும் கணம்தான் அந்த ஆட்டத்தின் மிகக் கொடிய கணம்.

ஆயுதத்தைக் கைவிட்ட ஆட்டங்கள்

சுவீடனின் ஹெல்சிங்போரி நகரைச் சேர்ந்த ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2007இல் 'பெனும்ப்ரா: ஓவர்ச்சர்' ஆட்டத்தை வெளியிட்டது. கதவு, இழுப்பறை, கல் ஆகியவற்றைச் சுட்டியால் பிடித்து இழுத்தும் தள்ளியும் கையாளலாம் என்பது அதன் புதுமை. அதில் சுத்தியல் போன்ற ஆயுதங்கள் இருந்தன. அவை இருந்ததால் ஆட்டக்காரர்கள் ஒளிவதைவிட அடித்து வீழ்த்தவே முயன்றனர். அடுத்த ஆண்டு வந்த 'பெனும்ப்ரா: பிளாக் பிளேக்' ஆட்டத்தில் உருவாக்குநர்கள் ஆயுதங்களை அகற்றிவிட்டனர்.

இந்த முடிவின் முழு விளைவு 2010 செப்டம்பரில் வெளிவந்த 'அம்னீசியா: தி டார்க் டிசென்ட்' ஆட்டத்தில் தெரிந்தது. 1839இல் பிரென்னன்பர்க் என்ற கோட்டையில் நினைவிழந்து எழும் டேனியலுக்கு இருளும் எதிரி, வெளிச்சமும் எதிரி. இருளில் நின்றால் அரக்கர்கள் பார்க்கமாட்டார்கள், ஆனால் மனத்தெளிவு குறையும். விளக்கேற்றினால் தெளிவு மீளும், ஆனால் இருப்பிடம் தெரிந்துவிடும்; எண்ணெயும் தீரும். அரக்கனை உற்றுப் பார்ப்பதும் தெளிவைக் குறைக்கும். புதிரை அவிழ்த்தால் தெளிவு திரும்பும். புதிரையும் அச்சத்தையும் ஒரே அளவுகோலில் இணைத்தது இந்த ஆட்டத்தின் பெரிய சாதனை. நீர் நிறைந்த பகுதியில் வரும் எதிரி கண்ணுக்கே தெரியாது. நீரில் எழும் சலனத்தைக் கொண்டுதான் அது வருவதை அறியலாம். பெட்டிகளின் மேல் தாவிச் செல்வதும், பொருளை எறிந்து அதன் கவனத்தைத் திருப்புவதுமே அங்கே வழி.

யூடியூபில் ஆட்டங்களைப் பதிவுசெய்து காட்டும் வழக்கம் பரவிய காலம் அது. ஆடுபவர் அலறுவதைக் காணப் பலர் திரண்டதும் இந்த ஆட்டத்தின் புகழுக்கு ஒரு காரணம். 2012இல் இலவசமாக வந்த 'ஸ்லெண்டர்: தி எய்ட் பேஜஸ்' அதே வழியில் பரவியது. கனடாவின் மாண்ட்ரியல் நகரைச் சேர்ந்த ரெட் பேரல்ஸ் நிறுவனத்தின் 'அவுட்லாஸ்ட்' 2013இல் வந்தது. அதில் செய்தியாளர் ஒருவரின் கையில் இருப்பது ஒரு வீடியோ கேமரா மட்டுமே. இருளில் பார்க்க அதன் இரவுப்பார்வையைப் பயன்படுத்தலாம். ஆனால் மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும்.

கற்றுக்கொள்ளும் எதிரி

இவ்வகை ஆட்டங்களுக்கு ஓர் உள்முரண் உண்டு. ஆட்டக்காரர் திரும்பத் திரும்ப ஆடும்போது எதிரியின் வழித்தடம் மனப்பாடமாகிவிடுகிறது. மனப்பாடமான பின் அச்சம் போய்விடுகிறது. மிஞ்சுவது நேரக்கணக்கு மட்டுமே. எதிரி கணிக்கவே முடியாதபடி நடந்தாலோ ஆட்டம் அநியாயமாகத் தோன்றும். அச்சத்தையும் நியாயத்தையும் ஒருங்கே காப்பாற்றுவது எப்படி என்பதே இவ்வகையின் மையச் சிக்கல்.

அதற்குக் கிடைத்த விடைகளில் பெரிதும் பாராட்டப்பட்டது, இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி உருவாக்கிச் சேகா நிறுவனம் 2014 அக்டோபரில் வெளியிட்ட 'ஏலியன்: ஐசொலேஷன்'. 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தொடர்ச்சியாக, ரிப்ளியின் மகள் அமண்டா செவாஸ்டபோல் என்ற விண்வெளி நிலையத்தில் தன் தாயைப் பற்றிய தடயத்தைத் தேடுகிறாள். அங்கு உலவும் வேற்றுலக உயிரியைக் கொல்ல முடியாது. அதை இயக்கும் செயற்கை நுண்ணறிவு இரண்டு அடுக்குகளைக் கொண்டது. மேலடுக்கு ஓர் இயக்குநரைப் போன்றது. ஆட்டக்காரர் எங்கே இருக்கிறார் என்பது அதற்கு எப்போதும் தெரியும். கீழடுக்கு உயிரியின் சொந்த மூளை. அதற்குத் தன் கண்ணும் காதும் சொல்வது மட்டுமே தெரியும். இயக்குநர் உயிரிக்கு, 'அந்தப் பக்கம் தேடு' என்பதுபோல் பகுதியை மட்டும் சுட்டும். சரியான இடத்தைக் காட்டிக்கொடுக்காது. உயிரி நெடுநேரம் ஆட்டக்காரரின் அருகிலேயே இருந்தால் அழுத்த அளவு ஏறும். எல்லையைத் தாண்டியதும் இயக்குநர் அதைக் காற்றுக்குழாய்க்குள் திருப்பி அழைத்துவிடும். பேக்-மேனின் பேய்கள் விலகிச் சென்றதும் இதே காரணத்துக்காகத்தான்.

மேலும், உயிரியின் நடத்தைகளில் சில தொடக்கத்தில் பூட்டப்பட்டிருக்கும். ஆட்டக்காரரின் செயலுக்கேற்ப அவை திறக்கும். தீயெறி கருவியைப் பலமுறை பயன்படுத்தினால் உயிரி முன்போல எளிதில் அஞ்சி ஓடுவதில்லை. இதனால் ஒரே உத்தியை நம்பி இறுதிவரை செல்ல முடியாது.

2017 டிசம்பரில் முழுமையாக வெளிவந்த 'ஹலோ நெய்பர்' வேறொரு வழியை முயன்றது. அண்டை வீட்டுக்காரரின் நிலவறையில் என்ன இருக்கிறது என்று அறிய ஒரு சிறுவன் அவர் வீட்டுக்குள் நுழைகிறான். ஒரே சன்னல் வழியாகத் திரும்பத் திரும்ப நுழைந்தால் அவர் அங்கே பொறி வைப்பார், கேமரா பொருத்துவார். இந்த எண்ணம் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆனால் முழு ஆட்டத்தின் புதிர்கள் தர்க்கத்துக்குப் பிடிபடாதவை என விமர்சகர்கள் குறைகூறினர். எதிரி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும், புதிருக்குரிய தடயம் தெளிவாக இல்லாவிட்டால் அச்சம் எரிச்சலாக மாறிவிடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

சிறுவர் உருவங்களும் கைப்பேசியும்

2017 ஏப்ரலில் சுவீடனின் டார்சியர் ஸ்டுடியோஸ் உருவாக்கிய 'லிட்டில் நைட்மேர்ஸ்' வெளிவந்தது. மஞ்சள் மழையங்கி அணிந்த சிக்ஸ் என்ற சிறுமி, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய மனிதர்கள் வாழும் கப்பலில் மேசைக்கடியிலும் அலமாரிக்கடியிலும் ஊர்ந்து தப்புகிறாள். நீண்ட கைகள் கொண்ட காவலாளிக்குக் கண் தெரியாது, காது கேட்கும். சமையற்காரர்களுக்குக் கண்ணும் தெரியும். எந்த எதிரியிடம் எந்தப் புலன் வேலை செய்கிறது என்று கண்டறிவதே அங்கே புதிர். 2021இல் வந்த இரண்டாம் பாகத்தில், இருளில் மட்டும் நகரும் பொம்மை உருவங்களைக் கைவிளக்கின் ஒளியால் நிறுத்த வேண்டும். தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017இல் வெளியிட்ட 'டிடென்ஷன்', 1960களின் அடக்குமுறைக் காலத்தைக் களமாகக் கொண்டது. அதில் பேய்களைக் கடக்க மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

கைப்பேசியில் இவ்வகையைப் பரப்பியது 2017 நவம்பரில் ஆண்ட்ராய்டில் வந்த 'கிரானி'. பூட்டிய வீட்டிலிருந்து தப்ப ஐந்து நாள்கள் தரப்படுகின்றன. ஒருமுறை பிடிபட்டால் ஒரு நாள் போகும். பாட்டிக்குக் காது கூர்மை. ஒரு பொருள் கீழே விழுந்தாலும் அங்கே வந்துவிடுவாள். சாவிகளும் கருவிகளும் ஒவ்வோர் ஆட்டத்திலும் இடம் மாறும். 'கிளாக் டவர்' வகுத்த இலக்கணம் இருபதாண்டு கழித்துச் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தது.

ஆடும் உத்திகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, பெரும்பாலான ஆட்டங்களுக்குப் பொருந்தும் உத்திகளைத் தொகுக்கலாம்.

புலனைக் கண்டறிதல்: புதிய எதிரியைக் கண்டதும் ஓடத் தொடங்காமல், அது பார்த்து வருகிறதா, கேட்டு வருகிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். பாதுகாப்பான தூரத்திலிருந்து ஒரு சுற்று முழுவதும் அதன் நடையைக் கவனித்தால், எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்பது தெரியும்.

ஒலியைக் கேட்டலும் குறைத்தலும்: காதணி ஒலிபெருக்கி (ஹெட்போன்) அணிந்து ஆடினால் காலடி எந்தப் பக்கம் என்று பிரித்தறியலாம். எதிரி அருகில் இருக்கும்போது குனிந்து நடப்பதே நல்லது. உதவும் கருவியும் காட்டிக்கொடுக்கலாம். 'ஏலியன்: ஐசொலேஷன்' ஆட்டத்தில் நடமாட்டங்காட்டியின் ஒலி அருகிலுள்ள உயிரிக்குக் கேட்கும்.

ஒளியிடத்தை அளவோடு பயன்படுத்துதல்: எதிரி பார்த்துக்கொண்டிருக்கும்போது அலமாரிக்குள் நுழைவது பயனற்றது. முதலில் கதவை மூடியோ திருப்பத்தில் மறைந்தோ பார்வையைத் துண்டித்து, பிறகே ஒளிய வேண்டும். ஆபத்து நீங்கியதும் உடனே வெளியேறுவதும் முக்கியம். அலமாரிக்குள்ளேயே காத்திருந்தால் வேலை நகராது.

கவனத்தைத் திருப்புதல்: எறியும் பொருளை, தான் போக வேண்டிய வழிக்கு எதிர்ப்பக்கம் எறிய வேண்டும். 'கிரானி'யில் வேண்டுமென்றே மாடியில் ஓசை எழுப்பி, பாட்டி ஏறி வரும்போது வேறு வழியாக இறங்குவது பலர் கையாளும் முறை.

சிக்கனம்: எண்ணெய், மின்கலம், தீக்குச்சி ஆகியவற்றைத் தேடும்போது மட்டும் செலவிட வேண்டும், தெரிந்த வழியில் நடக்க அவை தேவையில்லை.

புதிரையும் தப்பித்தலையும் பிரித்தல்: புதிரில் கைவைக்கும் முன் திரும்பிச் செல்லும் வழியைத் திறந்து வைக்க வேண்டும். பூட்டு, குறியெண், பொருள் கிடந்த இடம் ஆகியவற்றைத் தாளில் குறித்துக்கொள்வது பழைய முறையானாலும் பயன் தருவது. 'கிரானி' போல வாய்ப்புகள் எண்ணிக்கையில் அடங்கும் ஆட்டத்தில், முதல் நாளை வீட்டை அறிவதற்கென்றே செலவிடலாம்.

சேமித்தல்: 'ஏலியன்: ஐசொலேஷன்' ஆட்டத்தில் சேமிக்கும் நொடிகளிலும் உயிரி தாக்கக்கூடும். சேமிப்பிடத்தைக் கண்டதும் விரையாமல், சுற்றிலும் கேட்டுவிட்டு அணுக வேண்டும்.

அச்சத்தின் அளவு

எல்லா ஆட்டக்காரர்களும் ஒரே அளவு அச்சத்தைத் தாங்குவதில்லை. ஃப்ரிக்ஷனல் கேம்ஸ் 2015இல் வெளியிட்ட 'சோமா', மனித உணர்வு பற்றிய கதைக்காகப் பேசப்பட்டது. ஆனால் அரக்கர்களுக்கு அஞ்சிப் பலர் பாதியில் நிறுத்தினர். 2017 டிசம்பரில் அந்நிறுவனம் பாதுகாப்பு முறை ஒன்றைச் சேர்த்தது. அதில் அரக்கர்கள் இருப்பார்கள், ஆனால் ஆட்டக்காரரைக் கொல்லமாட்டார்கள். அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட 'அம்னீசியா: தி பங்கர்' எதிர்த்திசையில் சென்றது. முதல் உலகப்போர்ப் பதுங்கு குழியில் ஒரே வேட்டையாளி. மின்னாக்கியில் எரிபொருள் தீர்ந்தால் இருள். பொருள்களும் பூட்டெண்களும் ஒவ்வொரு முறையும் மாறும். கையில் துப்பாக்கியும் உண்டு. ஆனால் சுட்டால் ஓசை எழும், குண்டுகளும் மிகக் குறைவு. ஆயுதத்தை அகற்றிப் புகழ்பெற்ற நிறுவனமே அதைத் திரும்பக் கொடுத்தும் அச்சத்தைக் குறையாமல் காத்தது.

இவ்வகை ஆட்டங்கள் பல வயதுவந்தோருக்கானவை. 'அவுட்லாஸ்ட்', 'ஏலியன்: ஐசொலேஷன்' ஆகியவற்றுக்கு ஐரோப்பாவில் 18 வயது என்ற தரவரிசை தரப்பட்டுள்ளது. சிறுவர் உருவங்களைக் கொண்டது என்பதால் ஓர் ஆட்டம் சிறுவர்களுக்கானது ஆகிவிடாது. வாங்கும் முன் தரவரிசையையும் பாதுகாப்பு முறை உள்ளதா என்பதையும் பார்ப்பது, ஆடும் உத்திகளில் முதலாவதாக வைக்கத்தக்கது.